நீரும் முதுமையும்: மூளையின் வெற்றிடங்கள் பற்றி

1764இல் நேப்பிள்ஸ் நகரத்தில் டொமெனிகோ கொத்தூன்யோ என்ற 28 வயது மருத்துவர் பிணங்களை நிமிர்த்தி நிறுத்தினார். அதுவரை வழக்கம் வேறு. மூளையைப் பார்க்க வேண்டுமானால் முதல் காரியமாகத் தலையைத் துண்டித்து மேஜைமேல் வைத்துக்கொள்வார்கள். கழுத்தை அறுத்த அந்தக் கணத்திலேயே மூளையைச் சுற்றியும் முதுகுத்தண்டைச் சுற்றியும் இருந்த தெளிந்த நீர் தரையில் ஓடிப்போயிருக்கும். பிறகு மண்டையைத் திறந்தால் மூளைக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு இடைவெளி. மூளைக்குள்ளே சில வெற்று அறைகள். அங்கே முன்பு என்ன இருந்தது என்று யோசிப்பதைவிட, அங்கே ஆவி இருந்தது, உயிர் போனபோது கூடவே போய்விட்டது என்று சொல்லிவிடுவது எளிது. சொன்னார்கள். 1500 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொன்னார்கள்.

கொத்தூன்யோ தலையைத் துண்டிக்கவில்லை. முழு உடலையும் நிமிர்த்தி, இடுப்புப் பகுதியில் முதுகெலும்பைத் திறந்து, தண்டுவடத்தின் உறையைக் கீறினார். நீர் வழிந்தது. ஏறக்குறைய 20 உடல்களில் இப்படிப் பார்த்துவிட்டு, வெற்றிடம் என்று ஒன்று அங்கே இல்லை, எல்லாம் நீரால் நிரம்பியிருக்கிறது என்று எழுதினார். எழுதிய இடம்தான் விசேஷம். அது மூளை பற்றிய நூல் அல்ல. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புவலி பற்றிய நூல். போகிற போக்கில் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. அறுபது ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது.

இந்த நீரின் சரித்திரத்தைத்தான் இங்கே எழுத உத்தேசம். மருத்துவம் எனக்குத் தொழில் அல்ல. ஒரு வாசகனாகப் படித்தவன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. பார்க்கும் முறையே பார்க்கப்படும் பொருளை அப்புறப்படுத்திவிடுகிறது. பின்னர் அதன் இன்மைக்கு ஒரு வியாக்யானம் எழுந்து, அது அறிவு என்ற அந்தஸ்தையும் பெற்றுவிடுகிறது. கொத்தூன்யோவுக்கு முன்னால் மட்டும் அல்ல, பின்னாலும் இது நடந்தது. கடைசியாக இந்த வியாக்யானத்தின் பாரத்தைச் சுமக்க நேர்ந்திருப்பது முதுமை.

சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. என் அம்மாவுக்கு 78 வயதில் கொல்லையில் வழுக்கி விழுந்து தலையில் அடி. அன்று பிற்பகலே ஸ்கேன் எடுத்தார்கள். அடியால் ஒன்றும் இல்லை, வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம் உண்டு என்று ரிப்போர்ட். ஒரு வருஷம் கழித்து, தலைசுற்றல் என்று சொன்னதால், மறுபடியும் ஒரு படம். இம்முறை ரிப்போர்ட்டில் ஒரு வாக்கியம் கூடியிருந்தது: முந்தைய படத்துடன் ஒப்பிடுகையில் அறைகள் சற்றே விரிந்துள்ளன. அண்ணன் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, அம்மா இனிமேல் ஊரில் தனியாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சுருங்கிப்போச்சாமேடா, நெசந்தானா?" பதில் சொல்லத் தெரியாமல்தான் படிக்க ஆரம்பித்தேன்.

மூளைக்குள் அறைகள் இருப்பது கிரேக்கர்களுக்கே தெரியும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கேலன் காளை மூளைகளை அறுத்து அவற்றை விவரித்திருக்கிறார். உள்ளே ஒரு சூக்ஷ்மமான ஆவி இருந்து உடலை இயக்குகிறது என்பது அவர் கட்சி. ஆனால் எந்த அறையில் எந்த சக்தி என்று அவர் பங்கு பிரித்துக்கொடுக்கவில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள் பின்னால் வந்த மதவாதிகள். கி.பி. 400ஐ ஒட்டி சிரியாவின் எமேசாவில் பிஷப்பாக இருந்த நெமீசியஸ் திட்டவட்டமாக எழுதிவைத்தார்: முன்னறையில் கற்பனை, நடு அறையில் பகுத்தறிவு, பின்னறையில் ஞாபகம். இப்னு சீனாவிடம் இது இன்னும் நுணுக்கமாகப் பெருகியது. ஐரோப்பா முழுவதும் ஆயிரம் ஆண்டுகள் இதுதான் பாடம். தலைக்குள் வரிசையாக மூன்று வட்டங்கள் போட்டுக் காட்டினால் மனம் என்ன என்பது விளங்கிவிட்டதாக ஆகிவிடும். நாம் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் கற்பனைக்கும் நினைவுக்கும் சதையில் அல்லாமல் வெற்றிடத்தில் இருப்பிடம் தேடிய அந்தப் பார்வையில், கவிதை எழுதுகிற யாருக்கும் புரியக்கூடிய ஒரு தயக்கம் இருந்தது என்று எனக்குப் படுகிறது. சதை கனக்கிறது, எண்ணம் கனக்கவில்லை. எனவே எண்ணம் இருக்குமிடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். தர்க்கம் தவறு, அனுபவம் பொய்யல்ல.

லியனார்டோ டாவின்சி இந்த அறைகளின் நிஜ உருவத்தைக் காண ஒரு வழி கண்டுபிடித்தார். 1508 வாக்கில் ஒரு எருதின் மூளையை எடுத்து, காற்று வெளியேற இரண்டு துளைகள் போட்டு, உருக்கிய மெழுகைப் பீச்சாங்குழலால் உள்ளே செலுத்தினார். மெழுகு இறுகியதும் மூளையை அகற்றினார். கையில் மிஞ்சியது அறையின் வார்ப்பு. சிலைகளை வார்த்த அனுபவம் மருத்துவத்துக்கு வந்த சந்தர்ப்பம் இது. வட்டங்கள் பொய் என்பது அவர் கண்ணெதிரே தெரிந்தது. கொம்புகளாக வளைந்த ஒரு விசித்திர வடிவம் கிடைத்தது. இருந்தும் பெயர்களை அவர் விடவில்லை. மெழுகை எந்தத் துளை வழியாக ஏற்றுவது என்று குறிப்பு எழுதும்போது, ஞாபகத்தின் அறை வழியாக என்றே எழுதினார். கண் பார்த்ததை மொழி ஏற்கவில்லை. உள்ளே இருந்த நீரும் மெழுகுக்கு இடம்விட்டுப் போய்விட்டது.

பெயர்களை உதறியவர் வெசாலியஸ். லூவேனில் மாணவனாக இருந்தபோது இந்த அறைப்பாடத்தை எழுதி, படமும் வரைந்துகொள்ள வேண்டியிருந்ததைக் கசப்போடு நினைவுகூர்கிறார். 1543இல் வெளியான தன் பெரும் நூலில் அவர் எழுப்பிய கேள்வி எளியது: ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதே அறைகள்தாமே இருக்கின்றன, அவற்றுக்குப் பகுத்தறிவு இல்லை என்கிறீர்களே? அறைகளிலிருந்து ஆன்மா வெளியேறியது அன்றுதான். ஆவியை மட்டும் அவராலும் முழுதாகக் கைவிட முடியவில்லை.

ஆன்மா போன பிறகு அறைகளுக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. அடுத்து வந்தவர்கள் எல்லோரும் சதையைப் பார்த்தார்கள். நீரை யோசித்த ஒருவர் ஸ்வீடன்பர்க். ஆம், பின்னாளில் தேவதூதர்களோடு பேசிய அதே ஸ்வீடன்பர்க்தான். பொதலேர் தன் கவிதைத் தத்துவத்துக்குக் கடன்பட்ட அதே ஆள். சுரங்கத் துறை அதிகாரியாக இருந்த அவர் 1740களில் மூளையில் சுரக்கும் ஒரு உயர்ந்த திரவத்தைப் பற்றி எழுதிவைத்தார். கையெழுத்துப் பிரதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அச்சேறிற்று. அதற்குள் எல்லாவற்றையும் மற்றவர்கள் கண்டுபிடித்தாகிவிட்டது. பிரசுரம் பற்றி நம்மிடையே புலம்புகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

கொத்தூன்யோவின் நீரை மறதியிலிருந்து மீட்டவர் பாரிஸின் மஜாந்தி. 1825இல் தொடங்கி உயிருள்ள மிருகங்களிலேயே அதைக் காட்டினார். செத்த பிறகு ஊறுவது என்ற ஆட்சேபம் ஒழிந்தது. உயிருள்ள மிருகங்களை அவர் அறுத்த விதம் அந்தக் காலத்திலேயே அருவருப்பைக் கிளப்பியது. இன்று நமக்குத் தெரிந்த கணக்கு இது. வயது வந்தவருக்குள் மொத்தம் சுமார் 150 மில்லிலிட்டர், ஒரு சிறு தம்ளர் அளவு. அதில் உள்ளறைகளில் இருப்பது இளம் வயதில் 20, 25 மில்லிலிட்டர்தான். மீதி வெளியே, மூளையின் மடிப்புகளிலும் தண்டுவடத்தைச் சுற்றியும். தினமும் சுமார் அரை லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. ஆகவே இந்த நீர் ஒரே நாளில் மூன்று நான்கு முறை மாறிவிடுகிறது.

இந்த நீருக்கும் நாம் குடிக்கிற நீருக்கும் உள்ள உறவு புரிய, எடின்பரோவில் பிறந்த ஒரு தர்க்கம் அவசியம். 1783இல் அலெக்ஸாண்டர் மன்ரோ சொன்னது: மண்டையோடு விரியாது, மூளை நசுங்காது, எனவே உள்ளே இருக்கும் ரத்தத்தின் அளவு மாறாது. 1824இல் அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி இதற்குச் சடலங்களில் ஆதாரம் திரட்டினார். இருவருமே நீரைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1846இல் ஜார்ஜ் பர்ரோஸ் சேர்த்தார். அதன்பின் தர்க்கம் நேரானது: மூளை, ரத்தம், நீர் மூன்றும் சேர்ந்த மொத்தம் மாறாதது, ஒன்று குறைந்தால் இன்னொன்று அந்த இடத்தைப் பிடிக்கும். பூட்டிய வீட்டில் மூன்று பங்காளிகள்.

மூளையின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர்தான். வெயிலில் வியர்த்து, குடிக்காமலும் இருந்தால் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. செறிவு ஏறிய ரத்தம் திசுக்களிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. மூளைத் திசு இம்மியளவு சுருங்குகிறது. வீடு பூட்டியிருப்பதால், விட்ட இடத்தை அறை நீர் எடுத்துக்கொள்கிறது, அறைகள் விரிகின்றன. நேரம் செல்லச் செல்ல மூளைச் செல்கள் தமக்குள் கரைபொருட்களைச் சேர்த்துக்கொண்டு இழந்த நீரை ஓரளவு மீட்டுக்கொள்ளும்.

இதன் வேரைப் பரிசோதனையில் காட்டியது 1919இல். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வீட், பால் மெக்கிபன் என்ற இருவர் பூனைகளின் ரத்தக்குழாயில் செறிந்த உப்புக்கரைசலைச் செலுத்தினார்கள். மூளை சுருங்கியது. வெறும் நீரைச் செலுத்தினார்கள். மூளை வீங்கியது. மண்டைக்குள் ஒரு அழுத்தத்தைத் தணிக்க மருத்துவர்கள் இன்றும் செறிந்த கரைசல்களைத்தான் ஏற்றுகிறார்கள். மூளையின் பருமன் நிலையானதல்ல, உடம்பின் உப்பையும் நீரையும் பொறுத்து மணிக்கணக்கில் மாறக்கூடியது என்பது இவ்வாறு 1919இலேயே தெரிந்துவிட்ட விஷயம். ஆனால் அது அறுவைச் சிகிச்சைக்காரர்களின் உபாயமாகவே நின்றுவிட்டது. முதுமையைப் பற்றி எழுதியவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை என்பதற்குக் காரணம் அதே பல்கலைக்கழகத்தில், ஒரு வருஷம் முன்னதாகவே ஆரம்பித்திருந்தது. 1918இல் வால்டர் டாண்டி என்ற அறுவை மருத்துவர் அறைகளை எக்ஸ்ரேயில் காண ஒரு வழி கண்டார். எக்ஸ்ரேக்கு நீரும் மூளையும் ஒன்றுபோலத்தான். எனவே நீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றைச் செலுத்தினார். காற்று கருப்பாகத் தெரிந்தது. மறு வருஷம் முதுகு வழியாகவே காற்றை ஏற்றினார். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, நாட்கணக்கில் படுக்கை. இதுதான் 1970கள்வரை உயிருள்ளவரின் மூளை அறைகளைக் காணக் கிடைத்த பிரதான வழி. இப்படிப்பட்ட சோதனைக்கு ஆரோக்கியமான கிழவரோ கிழவியோ ஏன் உட்படுவார்கள்? நோயாளிகளுக்குத்தான் செய்தார்கள். ஆக, வயதானவரின் மூளையைப் பற்றி அந்தக் காலம் அறிந்ததெல்லாம் நோயாளிகளிடமிருந்தும் பிணங்களிடமிருந்தும் வந்தது. ஆவியை வைத்துப் பார்த்தார்கள், மெழுகை வைத்துப் பார்த்தார்கள், காற்றை வைத்துப் பார்த்தார்கள். நீரை நீராக வைத்துப் பார்க்க வழியில்லை.

பிணங்களிடமிருந்து வந்த அறிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1955இல் ஹெரால்ட் பிராடி என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர், பல வயதினரின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியின் கீழ் நரம்புச் செல்களை எண்ணினார். மேற்புறணியின் சில பகுதிகளில் வயது ஏற ஏறச் செல்கள் பெருமளவு குறைவதாக முடிவு. இது பாடப்புத்தகங்களில் ஏறியது, அங்கிருந்து பத்திரிகைகளுக்கு இறங்கியது. முதுமை என்றால் மூளை செத்துக்கொண்டே போவது என்று ஒரு தலைமுறை நம்பியது.

1980களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஹாக் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மூளையைச் சீவலாக்கு முன் ரசாயனத்தில் ஊறப்போட்டுப் பதப்படுத்த வேண்டும். பதப்படும்போது அது சுருங்கும். இளையவரின் மூளையில் நீர் அதிகம். அது முதியவரின் மூளையைவிட அதிகமாகச் சுருங்குகிறது. அதிகமாகச் சுருங்கினால் செல்கள் நெருக்கமாகத் தெரியும். குறிப்பிட்ட சதுரத்துக்குள் எண்ணினால் இளமூளையில் எண்ணிக்கை கூடும், முதுமூளையில் குறையும். செல் செத்தது என்று எழுதப்பட்டதில் கணிசமான பகுதி, ஜாடியில் நீர் போன வித்தியாசம். பின்னர், சுருக்கத்தால் ஏமாறாத ஒரு எண்ணும் முறையைக் கொண்டு டென்மார்க்கில் செய்த கணக்கு 1997இல் வெளிவந்தது. 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையில் மேற்புறணியில் குறையும் நரம்புச் செல்கள் சுமார் பத்தில் ஒரு பங்கு. முதுமையில் மூளை சிறுத்துப்போவது நிஜம். ஆனால் அதில் பெரும்பகுதி செல்கள் மெலிவதாலும் அவற்றின் கிளைகள் குறைவதாலும்தான்.

ஒரு இடைக்குறிப்பு. நாளொன்றுக்கு ஒரு லட்சம் மூளைச் செல்கள் சாகின்றன என்று ஒரு வாசகம் பிரபலம். கேட்டால் திகிலாக இருக்கிறது. 70 ஆண்டுகளில் பத்தில் ஒன்று என்றால் திகில் இல்லை. மேற்புறணியில் இருப்பது சுமார் 2000 கோடி. அதில் பத்தில் ஒன்று 200 கோடி. 70 ஆண்டுகளின் நாட்களால் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 80,000. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே செய்திதான். எண்ணுக்கும் நடை உண்டு, எந்த நடையில் சொல்கிறோம் என்பதில் ஒரு மனிதரின் கடைசிக் காலம் இருக்கிறது என்று எழுத்தாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் ஒரு பகுதியான விம்பிள்டனில், காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த சி.டி. ஸ்கேன் இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. துளை இல்லை, காற்று இல்லை, வலி இல்லை. நீர் தன் இடத்தில் இருக்கும்போதே தெரிந்தது. இந்த முறையில் அடர்த்தியை அளக்க ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. நீரை 0 என்றும் காற்றை -1000 என்றும் வைத்தார்கள். பல நூற்றாண்டுகள் கண்ணுக்குத் தப்பிய பொருளே இப்போது அளவின் தொடக்கப் புள்ளி.

ஆரோக்கியமான முதியவர்கள் முதன்முறையாகப் படத்துக்குள் வந்தார்கள். 1976இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில் குழந்தை முதல் 90 வயதுவரை நோயற்றவர்களின் அறைகளை அளந்தார்கள். அறுபது வயதுவரை மெல்ல மெல்லப் பெருகி, எழுபதுக்குப் பின் அறைகள் வேகமாக விரிகின்றன. இது எல்லோருக்கும் பொது. ஆனால் வயது ஏற ஏற ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசமும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரே 80 வயதில், அறைகள் மிகப் பெரிதாக இருந்தும் தெளிவாகப் பேசுகிறவர் உண்டு. படத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது. ஆனால் படத்துக்கு ஒரு சொல் வேண்டுமே. அட்ரஃபி என்ற சொல் தயாராக இருந்தது. சுருக்கம், நலிவு. அந்தச் சொல் ஒரு தீர்ப்பு. அதில் காலம் ஒரு திசையில்தான் நகரும்.

அந்தத் திசைக்கு முதல் இடைஞ்சல் சீக்கிரமே வந்தது. 1978இல் டொரன்டோவில் ஒரு குழு, நெடுங்காலம் குடித்துக் குடியை நிறுத்தியவர்களின் மூளையை மாதங்கள் கழித்து மறுபடியும் படமெடுத்தது. சிலருடைய மூளை திரும்பப் பருத்திருந்தது. மீளக்கூடிய அட்ரஃபி என்று தலைப்பிட்டு எழுதினார்கள். அந்தச் சொற்றொடரில் உள்ள முரண் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. செத்த செல் திரும்பி வராது. அப்படியானால் திரும்பி வந்தது எது? நீர் என்று ஒரு சாரார் சொல்ல, சர்ச்சை நீண்டது.

நேரடியான பதில் 2005இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரிலிருந்து வந்தது. ஆரோக்கியமானவர்களை 16 மணி நேரம் ஒன்றும் குடிக்காமல் இருக்கச் செய்து எம்.ஆர்.ஐ. படமெடுத்தார்கள், பிறகு நீர் குடிக்கவைத்து எடுத்தார்கள். தாகத்தில் மூளையின் பருமன் சராசரியாக 0.55 சதவீதம் குறைந்தது. குடித்த பின் 0.72 சதவீதம் கூடியது. இந்த எண்களின் கனம் இன்னொரு எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். நோயற்ற ஒரு முதியவரின் மூளை ஒரு முழு வருஷத்தில் இழப்பது அரை சதவீதத்தை ஒட்டியது, பலருக்கு அதைவிடக் குறைவு. ஒரு இரவும் ஒரு முற்பகலும் தண்ணீர் இல்லாமல் இருந்தால், படத்தில் ஒரு வருஷம் கழிந்துவிடுகிறது.

2009இலும் 2011இலும் லண்டனில் நடந்த ஆய்வுகளில், வியர்த்து எடை இழந்தவர்களின் மூளை அறைகள் விரிந்ததை அளந்து காட்டினார்கள். 2011இன் ஆய்வு 16, 17 வயதுப் பிள்ளைகளிடம். வியர்வைக் கவசம் போட்டு ஒன்றரை மணி நேரம் உடற்பயிற்சி. பிறகு திட்டமிட்டு யோசிக்க வேண்டிய ஒரு புதிர். தாகத்திலும் அவர்கள் முன்போலவே சரியாக விடையளித்தார்கள். ஆனால் அதே விடைக்கு மூளை அதிகமாக உழைத்தது படத்தில் தெரிந்தது. வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே செலவு கூடும். இளைஞர்களிடம் செலவழிக்க இருப்பு உண்டு.

தாகம்தான் முதுமை, தண்ணீர் குடித்தால் மூளை இளமையாகும் என்று முழங்க நான் வரவில்லை. அப்படி முழங்குகிறவர்கள் நாட்டில் ஏராளம். 50 ஆண்டுகளில் அறைகள் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் விரிவதற்கு ஒருநாள் தாகம் காரணமாக முடியாது. லேசான தாகத்தில், ஒரு இரவு குடிக்காமல் இருந்த அளவில், மாற்றம் எதையும் காணாத ஆய்வும் இருக்கிறது. காலையில் எடுத்த படத்தைவிட மாலையில் எடுத்த படத்தில் மூளை சற்றுச் சிறிதாக இருப்பதை 2015இல் ஆயிரக்கணக்கான படங்களை வைத்துக் காட்டினார்கள். அது எத்தனை தூரம் குடித்த நீர், எத்தனை தூரம் படுத்ததும் நிமிர்ந்ததும் என்று பிரிப்பது சுலபமல்ல. நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரே ஆளின் இரண்டு படங்களை ஒரு வருஷ இடைவெளியில் பக்கத்தில் வைத்து, "சற்றே" என்ற சொல்லை எழுதும்போது, அந்த "சற்றே" முழுவதும் தாகத்துக்குள் அடங்கிவிடக்கூடும். படம் அதைப் பிரித்துக் காட்டாது.

இப்போது இந்த நீருக்குத் திடீரென்று மவுசு வந்திருக்கிறது. 2012இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஒரு குழு, இந்த நீர் ரத்தக்குழாய்களின் ஓரமாக மூளைக்குள் ஊடுருவிக் கழிவுகளை அலசிச் செல்கிறது என்றது. தூங்கும்போது அலசல் கூடுகிறது என்று 2013இல் எலிகளில் சொன்னார்கள். தூக்கத்தில் குறைகிறது என்று 2024இல் லண்டனிலிருந்து ஒரு மறுப்பு. வழக்கு நடக்கிறது. வயது ஏறினால் ரத்தக்குழாய்களைச் சுற்றிய இந்தச் சிறு இடைவெளிகளும் பெரிதாகி எம்.ஆர்.ஐ.யில் புள்ளிகளாகத் தெரிகின்றன என்பதில் மட்டும் தகராறு இல்லை. மூளையைக் கழுவுவது என்ற உருவகம் விற்பனைக்கு உகந்தது. அதனாலேயே எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம். ஆவி, அறை, சாக்கடை. நீர் ஒன்றுதான், உவமைகள் மாறிக்கொண்டிருக்கின்றன.

முதியவர்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். 1984இல் ஒரு பரிசோதனையில் 67 முதல் 75 வயதுவரையான ஆரோக்கியமான ஆண்களையும் இருபதுகளைச் சேர்ந்த வாலிபர்களையும் 24 மணி நேரம் தண்ணீரின்றி வைத்தார்கள். முடிவில் முதியவர்களின் ரத்தம்தான் அதிகம் செறிந்திருந்தது. ஆனால் தாகம் குறைவாகத் தெரிந்ததும் அவர்களுக்குத்தான். வாய் வறண்டதாகக்கூட அவர்கள் உணரவில்லை. முன்னால் தண்ணீரை வைத்தபோது வாலிபர்கள் குடித்த அளவு அவர்கள் குடிக்கவில்லை. உடம்பு கேட்கிறது, கேட்பது மனதுக்கு எட்டவில்லை.

அம்மாவின் இரண்டாவது ஸ்கேன் நாளை நான் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்பது அவள் அர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் காப்பி குடித்ததோடு சரி. விடிகாலையில் பஸ். பஸ்ஸில் போவதென்றால் அவள் எப்போதுமே தண்ணீர் குடிக்கமாட்டாள். "குடிச்சா எறங்கணும், எறங்கினா எங்கடா போறது?" என்பாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் ஆயுள் முழுவதும் இதுதான் பிரயாண சாஸ்திரம். சித்திரை மாதம். போன இடத்தில் முறை வரப் பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. தாகமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

முதல் படம் எடுத்தது விழுந்த அன்று, மதியச் சாப்பாடும் ரெண்டு சொம்பு மோரும் ஆன பிறகு.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம், ஆனா ரிப்போர்ட்ல அப்படிப் போடலையே" என்றார். ரிப்போர்ட்டில் பெயர், வயது, பால், தேதி எல்லாம் போட்டிருக்கிறது. கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்பதற்கு அதில் இடமில்லை. வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது. அம்மா இப்போது அண்ணனோடு நகரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அந்தக் காகிதத்தைத் துணிப்பைக்குள் மடித்து வைத்திருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் எடுத்துக் கொடுத்து, அந்த ஒரு வரியை மறுபடியும் வாசிக்கச் சொல்கிறாள்.